புதுப்பிப்பு: ரோம் போய் வந்தாச்சு

மார்ச்சில் ரோம் போகிறேன், எங்கே செலவைக் குறைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் சுற்றிவிட்டு வந்தாச்சு.

"தண்ணி பாட்டில் வாங்காதே" என்று ஒருவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தெருவுக்குத் தெரு 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள், 1874-லிருந்து இருக்கின்றன. கீழே குழாய்வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், அப்படியே குடிக்கலாம். முதல் தடவை என் சட்டைதான் குளித்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம் என்று நம்பிப் போனேன். வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். மறுநாள் காசு கொடுத்தே பார்த்தேன், வருத்தமில்லை.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் இப்போது இலவசமில்லை. 2023-லிருந்து கட்டணம் உண்டு, 5 யூரோ கொடுத்தேன். ஆனால் பக்கத்திலேயே சான் லூயிஜி தேவாலயத்தில் பழைய இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோவின் மூன்று ஓவியங்களைச் சும்மாவே பார்க்கலாம். இருட்டாக இருக்கும்; பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். நான் அவசரப்படவில்லை, வேறு யாராவது போடும்வரை ஓரமாக நின்றேன். கஞ்சத்தனம்தான், சரி.

அப்புறம் காபி: நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறிவிடும். பேருந்தில் காகித டிக்கெட் என்றால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.