நடுத் தெரிவு இருக்க வேண்டுமா? நூலகக் கருத்துப் படிவம் பற்றிய விவாதம்

வேலந்தாவளம் வாசகர்: ஜூன் 19 வாசிப்பு நாளை ஒட்டி நம் நூலகம் கூகுள் படிவத்தில் வாசகர் கருத்தைக் கேட்கவிருக்கும் நேரத்தில், “ஐந்து தெரிவுகளில் நடுவிலுள்ளதை எடுத்துவிட்டால் படிவம் தானாக எளிதாகிவிடும்” என்று சித்தூர்த் தம்பி இங்கே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் மனப்பான்மையை அளக்கும் முறையை வெளியிட்டபோது, ‘முழுக்க ஏற்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான ஐந்து தெரிவுகளுக்கு நடுவே முடிவு செய்யாதவருக்கும் இடம் வைத்தார். மாலையில் நூலகத்துக்கே வராதவரிடம் மாலை நேரம் வசதியா என்று கேட்டுவிட்டு நடுத் தெரிவையும் பறித்தால், அது பந்தியில் உட்காராதவரிடம் பாயசத்தின் ருசியைக் கேட்பதாகும். அவர் எதையாவது தொட்டுவிட்டுப் போவார், இல்லாவிட்டால் படிவத்தையே மூடிவிடுவார்.

சித்தூர்க்காரன்: லிக்கர்ட்டின் பெயரைக் கேட்டவுடன் கைகூப்ப வேண்டுமா, ஐயா? நடுத் தெரிவை வெளிப்படையாக வைத்தால் அதில் போய் ஒதுங்குவோர் கூடுவதை கருத்தாய்வு வினாக்களை ஆராய்ந்த ஷூமனும் பிரெஸ்ஸரும் 1981இலேயே காட்டிவிட்டார்கள். யோசிக்கச் சோம்பல்படுபவருக்கு நாமே திண்ணை போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. நான்கு போதும்.

கோபாலபுரம் ஆசிரியை: “எனக்குத் தெரியாது” என்பதும் “இரு பக்கமும் சாயவில்லை” என்பதும் வேறு வேறு, மாலையில் வராதவருக்குத் தேவைப்படுவது முன்னது. அதைவிட, “நூல்களும் பணியாளர் சேவையும் நிறைவளிக்கின்றனவா” என்று இரண்டை ஒரே வினாவில் கேட்டிருப்பதை முதலில் திருத்துங்கள். எட்டு வரிசைக் கட்ட அட்டவணை கைப்பேசித் திரையில் அடங்காது. பக்கவாட்டில் தள்ளித் தள்ளிச் சலித்தவர்கள் எல்லா வரிசைக்கும் ஒரே கட்டத்தைத் தொட்டுவிடுவார்கள். வயதையும் தொலைபேசி எண்ணையும் முதல் பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரமிட்டுக் கட்டாயமாக்கியிருப்பது எதற்கு?

வேலந்தாவளம் வாசகர்: அம்மா கூறியவை பிறகு பார்க்க வேண்டியவை. இங்கே கேள்வி நடுத் தெரிவைப் பற்றியது. நடுவில் நிற்பவரைச் சோம்பேறி என்பவர், சென்ற ஆண்டுப் படிவத்தை மலையாளத்தில் மட்டும் அனுப்பிவிட்டு, நாங்கள் கேட்ட பிறகு தமிழைப் பின்னிணைப்பாக ஒட்டியவர் என்பதை நான் மறக்கவில்லை. கேரளத்தில் தமிழர் பெருவாரியாக வாழும் நம் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் வாசகர் பாதியில் விலகியதற்கு அதுவே காரணம்.

சித்தூர்க்காரன்: அந்தப் படிவத்தில் ஐந்து தெரிவுகள் வேண்டும் என்று அடம்பிடித்தவர் தாங்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விலகியவர்கள் மொழிக்காக விலகினார்களா, முப்பது வினாக்களுக்காக விலகினார்களா என்று தாங்கள் யாரிடம் கேட்டீர்கள்?

கோபாலபுரம் ஆசிரியை: முப்பது வினாக்கள் என்பதைப் பற்றியாவது பேசலாமா? பத்துக்குள் அடக்கி, எவ்வளவு நேரமாகும் என்பதை முதல் வரியிலேயே உண்மையாகச் சொல்லி, பொதுவெளியில் இடுவதற்கு முன் நான்கைந்து முதியவர்களிடம் நிரப்பச் சொல்லிப் பாருங்கள்.

வேலந்தாவளம் வாசகர்: முதியவர்களிடம் காட்டினாலும் அவர்கள் முதலில் தேடுவது நடுத் தெரிவைத்தான். லிக்கர்ட் வைத்ததை எடுக்கத் தம்பிக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

சித்தூர்க்காரன்: நிர்வாகக் குழு கொடுத்தது, அன்றைய கூட்டத்துக்குத் தாங்கள் வரவில்லை. படிவத்தைத் திருத்தும் உரிமை என் கணக்கில் இருக்கும்வரை நான்குதான்.

வேலந்தாவளம் வாசகர்: அப்படியானால் ஐந்து தெரிவுகளுடன் வேறொரு படிவத்தை இன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் இடுகிறேன், எதை நிரப்புவது என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கோபாலபுரம் ஆசிரியை: இரண்டிலும் தொலைபேசி எண் கட்டாயம்தானா?