ஃபேன் பிளேடு உடைஞ்சா காம்போசிட் கேசிங் தாங்குமா?

பெங்களூரு_மாணவன்: மாரத்தஹள்ளில தங்கி ஏரோ படிக்கிறேன். போயிங் 787 விமானத்துல வர்ற ஜிஇஎன்எக்ஸ் இன்ஜினுக்கு ஃபேன் கேஸே, அதாவது முன்னாடி ஃபேனைச் சுத்தி இருக்குற கேசிங்கே, கார்பன் ஃபைபர் காம்போசிட்தானாம் (கார்பன் இழையும் பிசினும் லேயர் லேயரா சேர்ந்தது), பிளேடு பிச்சுக்கிட்டா அது சிதறிடாதா, எப்படி டெஸ்ட் பண்றாங்க அண்ணா?

ஜெட்_குமார்: தம்பி, முழு இன்ஜினை ஃபுல் ஸ்பீடுல ஓடவிட்டு ஒரு பிளேடை அடியில சின்ன வெடி வச்சு வேணும்னே உடைப்பாங்க, துண்டு கேசிங்கைத் தாண்டி வெளிய வரக்கூடாது, தீயும் பிடிக்கக்கூடாது, அமெரிக்க விதிப்படி உடைஞ்சதுக்கு அப்புறம் குறைஞ்சது 15 செகண்ட் இப்படித் தாங்கணும். அதுக்கு முன்னாடியே கேஸ் கன்ல (வாயு அழுத்தத்துல சுடுற துப்பாக்கி) அதே பொருள்ல செஞ்ச சின்ன பேனல்கள் மேல சுட்டுப் பார்த்துருவாங்க, இன்ஜினையே உடைக்கிறது கொள்ளை செலவு.

கலை_எம்ஆர்ஓ: அடியைத் தாங்குறது பாதிதான். ஒரு பிளேடு போனதும் பேலன்ஸ் போய் இன்ஜின் பேயாட்டம் ஆடும், அந்த ஆட்டத்துல விரிசல் பரவாம கேசிங் வட்டமா நிக்கணும், எனக்கு அதுதான் பெரிய பயம். உலோகம்னா நசுங்கினது கண்ணுக்குத் தெரியும், இதுல மேல சின்னக் கீறல், உள்ள லேயர் லேயரா பிரிஞ்சிருக்கும், அல்ட்ராசவுண்ட் போட்டாத்தான் தெரியும். 2018ல அமெரிக்காவோட சவுத்வெஸ்ட் 1380 விமானத்துல ஃபேன் பிளேடு உடைஞ்சு, கவுல் (இன்ஜினோட வெளி மூடி) துண்டு பறந்து ஜன்னல் உடைஞ்சு ஒரு பயணி இறந்தாங்க, அதனால கேசிங்கோட நிறுத்தாம கவுலையும் சேர்த்துப் படி தம்பி.

பெங்களூரு_மாணவன்: ரொம்ப நன்றி அக்கா, ப்ராஜெக்ட்ல விரிசல் பரவுறதையே எடுத்துக்கிறேன்.