பிரசங்கி 7:15-ஐ விசுவாசத்தோடு வாசிப்பது எப்படி?

கேள்வி

என் தகப்பனார் சென்ற ஆண்டு சிறுநீரக நோயால் காலமானார். சம்பளம் வந்த அன்றே, தேவனுக்குரிய பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தை உறையிலிட்டு அலமாரியில் தனியே எடுத்துவைப்பவர். துக்க வீட்டில் ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்னும் 37ஆம் சங்கீத வசனத்தை வாசித்துவிட்டு, குடும்பத்தில் அறிக்கையிடப்படாத பாவம் ஏதேனும் உண்டா என்று என் தாயாரிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து அப்பாவின் வேதாகமத்தைப் புரட்டியபோது, டயாலிசிஸ் அட்டை செருகியிருந்த பக்கத்தில் ஒரே ஒரு வசனம், பிரசங்கி 7:15, பென்சிலால் அடிக்கோடிடப்பட்டிருந்தது: "தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானுமுண்டு, தன் பாவத்திலே நீடித்திருக்கிற பாவியுமுண்டு." அதற்கு முந்தின புத்தகமாகிய நீதிமொழிகளோ, கர்த்தர் நீதிமான்களைப் பசியினால் வருந்தவிடார் என்கிறது. இரண்டையும் தேவவசனம் என்று நான் எப்படி ஏற்பது?

பதில் 1

சகோதரி, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். "சூரியனுக்குக் கீழே" என்ற சொற்றொடரே இந்தப் புத்தகத்தின் திறவுகோல் என்று எங்கள் போதகர் கற்பிப்பார். தேவனை விட்டு விலகிய மனிதனின் பார்வையைப் பிரசங்கி விவரிக்கிறார். தேவனுக்குப் பயந்து அவர் கற்பனைகளைக் கைக்கொள் என்ற 12:13-தான் முடிவான போதனை. ஆகவே இடையிலுள்ள வசனங்களால் கலங்க வேண்டாம்.

பதில் 2

மேலே சொன்ன விளக்கத்தை நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். புத்தகத்தை ஒரே அமர்வில் வாசித்தபோது அது நிற்கவில்லை. 5:18-ஐப் பாருங்கள்: "தேவன் அருளிச்செய்த நாளெல்லாம்" என்பதும் "சூரியனுக்குக்கீழே படும் பிரயாசம்" என்பதும் அந்த ஒரே வசனத்தில் வருகின்றன. தேவனை அறியாதவனின் பேச்சு இதுவல்ல. தேவனை நம்பிக்கொண்டே கண்ணால் கண்டதை மறைக்க மறுப்பவனின் பேச்சு.

நமக்குத் தமிழில் கூடுதலாக ஒரு தடையும் உண்டு. 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்று வாசித்தவுடன், உலகமே தோற்றம் என்ற வேதாந்தப் பொருள் நம் மனதில் வந்துவிடுகிறது. எபிரெய மூலத்தில் உள்ள சொல் ஹெபெல். மூச்சு, நீராவி என்பது அதன் நேர்ப்பொருள். இந்தப் புத்தகத்தில் அது 38 முறை வருகிறது. மார்கழிக் காலையில் வாயிலிருந்து வரும் ஆவி கண்ணுக்குத் தெரிகிறது, உண்மையாகவே இருக்கிறது, ஆனால் கைக்குள் பிடிபடுவதில்லை. உங்கள் தகப்பனாரின் நாட்கள் பொய்த்தோற்றம் என்று பிரசங்கி சொல்லவில்லை. யாருடைய கணக்குக்கும் அவை அகப்படவில்லை என்கிறார். அண்ணனால் கொல்லப்பட்ட ஆபேலின் பெயரும் எபிரெயத்தில் இதே சொல் என்பதை அறிந்த நாளில் வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூட முடியாமல் இருந்தேன், ஏனெனில் காணிக்கை அங்கீகரிக்கப்பட்டும் அற்பாயுசில் மாண்ட முதல் நீதிமான் அவனே.

நீதிமொழிகளை நான் தள்ளவில்லை. உழைப்பும் உண்மையும் பெரும்பாலும் பலன் தரும் என்ற அனுபவத்தை அது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அதை ஒவ்வொரு வீட்டுக்கும் தேவன் எழுதித்தந்த ஒப்பந்தப் பத்திரமாக ஆக்கும்போதுதான் அது துக்க வீட்டில் கல்லாய் விழுகிறது.

பதில் 3

அந்த ஊழியரின் கேள்வி புதிதன்று. குற்றமற்றவனாயிருந்தும் துன்பப்பட்ட யோபுவிடம், ஆறுதல் சொல்ல வந்த நண்பன் எலிப்பாசும் அதைத்தான் கேட்டான். யோபு 42:7இல் கர்த்தர் எலிப்பாசிடம், யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். தேவனுக்காக வாதாடியவர்களே கடிந்துகொள்ளப்பட்டார்கள். தயவுசெய்து இதை உங்கள் தாயாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஆயினும் 9:5இல் "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்று வருகிறதே, அங்கேதான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

பதில் 2

அதை நான் மழுப்ப மாட்டேன். பிரசங்கி உயிர்த்தெழுதலைக் காணாத காலத்தில் நின்று, தான் கண்ட அளவை மட்டும் சொன்னவர். சிருஷ்டி மாயைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறது என்று உயிர்த்தெழுதலுக்குப் பின் எழுதிய அப்போஸ்தலன் பவுலும் ரோமர் 8:20-21இல் ஒத்துக்கொள்கிறார், ஆனால் "நம்பிக்கையோடே" என்ற சொல்லைச் சேர்த்தே சொல்கிறார். கல்லறைத் தோட்டத்தில் நான் பவுலை வாசிக்கிறேன். ஆயினும் வீடு திரும்பி, காலியான நாற்காலியைப் பார்க்கிற இரவுகளில் எனக்குப் பிரசங்கியும் தேவைப்படுகிறார்.

கேள்வி கேட்டவர்

நேற்று இரவு குடும்ப ஜெபத்தில் யோபு 42ஐ வாசித்தேன். அம்மா அந்த வசனத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு அப்பாவின் வேதாகமத்தைக் கேட்டு வாங்கி, பென்சிலும் கேட்டார்கள்.