'டவுட்', 'சஸ்பெக்ட்', 'ஸ்கெப்டிக்', 'சினிக்': எல்லாமே சந்தேகம்தானா?

கேள்வி: புதிய மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் ஒரே பத்தியில் 'சஸ்பிஷியஸ்', 'ஸ்கெப்டிகல்', 'சினிக்கல்', 'வேரி' ஆகிய நான்கு சொற்களும் வருகின்றன. (கடைசிச் சொல், மிகுதியைக் குறிக்கும் 'வெரி' அன்று.) நான்கையும் 'சந்தேகத்துடன்' என்றே எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது, நான்கு வெவ்வேறு மனிதர்களுக்கு ஒரே முகத்தை ஒட்டிவைத்ததுபோல் இருந்தது. அகராதியோ ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் காட்டிச் சுற்றவிடுகிறது.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் அறிக்கையின் கூட்டுத்தொகை பிழையாக இருக்கலாம் என்று வெளிநாட்டிலுள்ள சக ஊழியருக்குத் தெரிவிக்க நினைத்து, 'ஐ டவுட் தி டோட்டல் இஸ் ராங்' என்று எழுதினேன். அவர் நன்றி கூறிவிட்டு, எதையும் திருத்தாமலேயே அறிக்கையை அனுப்பிவிட்டார். தவறு யாருடையது?

பதில் 1: மெய்ப்புத் திருத்துநர்

தவறு உங்களுடையதுதான், ஆனால் தமிழில் சிந்திக்கும் எவருக்கும் நேரக்கூடியது. 'ஐ டவுட்' என்று தொடங்கினால், பின்னால் வரும் செய்தி உண்மையாக இராது என்று நினைப்பதாகப் பொருள். 'ஐ சஸ்பெக்ட்' என்று தொடங்கினால், அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைப்பதாகப் பொருள். கூட்டுத்தொகை தவறாக இருக்க வாய்ப்பில்லை என்று நீங்கள் சான்றளித்ததாகவே அவர் எடுத்துக்கொண்டார். நன்றி சொன்னதும் அதற்காகத்தான்.

நம்முடைய 'சந்தேகம்' இந்த இரண்டு திசைகளிலும் நடக்கும். 'சந்தேகத்தின் பேரில் கைது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்றும் படிக்கிறோம். முதலாவது 'சஸ்பிஷன்', இரண்டாவது 'டவுட்'. ஒருவரை உள்ளே தள்ளுவதும் வெளியே விடுவதும் ஒரே சொல்லாக இருந்தும் நாம் குழம்புவதில்லை. ஏனெனில், சாதாரணப் பேச்சில் அந்த வேறுபாட்டைத் தமிழ் வினையின் ஈற்றில் வைத்திருக்கிறது. 'அவன்தான் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான் என்ற பக்கம் மனம் சாய்கிறது. 'அவன் எடுத்திருப்பானா என்பது சந்தேகம்' என்றால் எடுத்திருக்கமாட்டான் என்ற பக்கம் சாய்கிறது. ஓர் ஓகாரமும் ஓர் ஆகாரமும் செய்கிற வேலையை ஆங்கிலம் இரண்டு தனி வினைச்சொற்களிடம் ஒப்படைத்திருக்கிறது.

உங்களுக்கு ஆறுதலாக ஒரு செய்தி: ஸ்காட்லாந்து வழக்கில் 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றால் 'மழை வந்துவிடும் போலிருக்கிறது' என்று பொருள். உங்கள் சக ஊழியர் அந்தப் பக்கத்தவராக இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

'சஸ்பிஷியஸ்' என்ற பெயரடையிலும் ஒரு பொறி உண்டு. சந்தேகப்படுபவரையும் அது குறிக்கும், சந்தேகத்துக்குரியவரையும் குறிக்கும். முன்பின் வாக்கியங்களைப் பார்க்காமல் அதைத் தமிழாக்கவே கூடாது.

பதில் 2: சொல்வேர் விரும்பி

மேலே உள்ளதை ஏற்கிறேன். 'ஸ்கெப்டிக்', 'சினிக்' இரண்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டும் பழங்கிரேக்கச் சிந்தனை மரபுகளின் பெயர்கள்.

முதலாவதன் வேர், கூர்ந்து நோக்குதல், ஆராய்தல் என்ற பொருளுடையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிர்ரோவை முன்னோடியாகக் கொண்ட அம்மரபினர், போதிய சான்று இல்லாதவரை முடிவு கூறாமல் நிறுத்திவைப்பதையே நெறியாகக் கொண்டனர். நம் இலக்கணத்தின் ஐயவினா இதற்கு மிக நெருக்கமானது. 'பாம்போ, கயிறோ' என்று கேட்பவர் கயிற்றின்மீது பழி சுமத்துவதில்லை. விளக்கைக் கொண்டுவந்தால் அவருடைய ஐயம் தீர்ந்துவிடும்.

'சினிக்' என்ற சொல் நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. செல்வத்தையும் ஊர்வழக்கத்தையும் துச்சமாக மதித்து வாழ்ந்த டயோஜனிஸ் போன்றோரை அப்பெயரால் அழைத்தார்கள். இன்றைய பொருள் அவர்களுக்குச் சற்று அநியாயமானது: எவருடைய செயலுக்கும் அடியில் சுயநலமே இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டியவரை இப்போது அது குறிக்கிறது.

ஒருவர் பெருந்தொகையை நன்கொடையாக அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பணம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா, ரசீது உண்டா' என்று கேட்பவர் ஸ்கெப்டிக். 'இந்த நேரத்தில் ஏன் கொடுக்கிறார், எதையோ மறைக்கப் பார்க்கிறார்' என்பவர் சஸ்பிஷியஸ். 'சேர்ந்திருக்கும், சேர்ந்திருக்கும், பெயர் வாங்கத்தானே கொடுக்கிறார்' என்பவர் சினிக். மூன்றாமவருக்குச் செய்தியில் ஐயமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே அவரைச் 'சந்தேகத்துடன்' பேசவைப்பது பிழை. சிலர் 'அவநம்பிக்கைவாதி' என்று எழுதுகிறார்கள். அது எல்லாம் கெட்டுத்தான் முடியும் என்று எண்ணும் 'பெசிமிஸ்ட்'டுக்குப் போய்விட்டது என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

பதில் 3: வழிப்போக்கன்

'வேரி'யை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். 'அவேர்', 'பிவேர்' ஆகியவற்றின் உறவுக்காரச் சொல் அது. ஈரத்தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பவர் வேரி. தரையின் நாணயத்தைப் பற்றி அவருக்குக் கருத்து ஏதும் இல்லை. 'சுதாரிப்புடன்' என்பது பொருந்தும்.

'டிஸ்ட்ரஸ்ட்', 'மிஸ்ட்ரஸ்ட்' இரண்டும் இனி உங்கள் வழியில் வரும். பட்டறிந்தபின் வருவது முன்னது, காரணம் சொல்லத் தெரியாத உறுத்தல் பின்னது என்று பிரிப்பவர்கள் உண்டு; நடைமுறையில் அந்தக் கோடு அடிக்கடி அழிந்துவிடுகிறது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'முதலாமவர் சான்று கேட்டார், இரண்டாமவர் இதில் ஏதோ சூது இருக்குமோ என்று சந்தேகித்தார், மூன்றாமவர் எல்லாம் தன்னலம்தான் என்று உதட்டைச் சுழித்தார், நான்காமவர் சுதாரிப்புடன் சற்றுத் தள்ளியே நின்றார்.' பெயரடைகளை வினைகளாக்கியதும் முகங்கள் தனித்தனியே தெரிகின்றன.

கூட்டுத்தொகையையும் மறுபடி கூட்டிப் பார்த்தேன். 6 இருக்கவேண்டிய இடத்தில் 9 இருக்கிறது. 'ஐ சஸ்பெக்ட்' என்று திருத்தி அவருக்கு எழுதப் போகிறேன்.

மெய்ப்புத் திருத்துநர்

கூட்டிப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? பிறகு 'சஸ்பெக்ட்' எதற்கு? 'இட் இஸ் ராங்' என்றே எழுதுங்கள்.