முழுதாக மிதித்தால் ஒரு நொடி திணறும் ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸா, எஞ்சினா?

நாலாவது கியர் (கேள்வி)

வணக்கம். என் வண்டி 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், மூன்று சிலிண்டர், 6 கியர் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும்) ஆட்டோமேட்டிக். ஓட்டம் 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நிதானமாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை, கியர் மாறுவதே தெரியாது. முழுதாக மிதிக்கும்போதுதான் பிரச்சினை. நெடுஞ்சாலையில் லாரியை முந்தலாம் என்று 60, 70 வேகத்தில் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால் ஒரு நொடி எதுவுமே நடப்பதில்லை. அப்புறம் ஒரு உதறல். அதற்குப் பிறகுதான் இழுக்கிறது. எதிரில் வண்டி வரும் நேரத்தில் அந்த ஒரு நொடியை என்னவென்று சொல்ல!

பாதி மிதித்தால் வராது. ஏற்றத்தில், அதுவும் ஆள் நிறைய ஏறியிருந்தால் அதிகம். மழை நாளில் இன்னும் மோசம் என்கிறார் என் மனைவி, எனக்கு அது அவ்வளவு நிச்சயமில்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லை. சர்வீஸில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "பழுதுக் கோட் எதுவும் இல்லை, ஆட்டோமேட்டிக் என்றால் இப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். புதிதில் இந்த உதறல் கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்று என்கிறார் ஒருவர், த்ராட்டில் கன்ட்ரோலர் போடு என்கிறார் இன்னொருவர். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஞாயிறு மெக்கானிக்

எஞ்சினுக்குள் காற்றை விடும் தட்டு இருக்கிற த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பாதி வண்டிகளுக்கு அதிலேயே சரியாகிவிடும். அதிலும் போகவில்லை என்றால் ஸ்டால் டெஸ்ட்: பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டி-யில் வைத்து முழுதாக மிதியுங்கள், கன்வர்ட்டர் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

எண்ணெய்க்கை

ஸ்டால் டெஸ்டை வீட்டு வாசலில் யாரும் செய்ய வேண்டாம். எஞ்சின் கொடுக்கும் அத்தனை சக்தியும் கன்வர்ட்டருக்குள்ளேயே சூடாக மாறுகிறது, சில நொடியில் ஆயில் ஆபத்தான அளவுக்குச் சூடாகிவிடும். பிரேக் கொஞ்சம் பிடிக்கவில்லை என்றால் எதிரே இருக்கும் சுவர் பிடிக்கும். கம்பெனி என்ன ஆர்பிஎம் சொல்லியிருக்கிறது என்று தெரியாமல் செய்தால் கிடைக்கிற எண்ணுக்கு அர்த்தமும் இல்லை.

த்ராட்டில் பாடி. அந்தத் தட்டின் விளிம்பில் கரி படிந்தால் ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கும், லேசாக மிதிக்கும்போது தடுமாறும். முழுதாக மிதிக்கும்போது தட்டு அகலத் திறந்து நிற்கிறது, விளிம்புக் கரிக்கு அங்கே வேலையே இல்லை. சுத்தம் செய்வதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இவர் சொல்லும் நோய்க்கு அது மருந்தில்லை.

இப்போது கேட்டவருக்கு. கியர்பாக்ஸ் பிரித்துச் சேர்ப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. "கியர்பாக்ஸ் போச்சு" என்று என்னிடம் தள்ளிக்கொண்டு வருகிற வண்டிகளில் நிறையவற்றுக்குக் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கும். உங்களுடையதும் அந்தக் கூட்டம் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. எதுவும் நடக்காத நேரம் ஒன்று, உதறல் இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் இயற்கை. நீங்கள் தரையோடு அழுத்தியதும் கம்ப்யூட்டர் ஆறிலிருந்து மூன்றுக்கோ நான்குக்கோ இறங்க முடிவு செய்கிறது. கன்வர்ட்டர் லாக்-அப்பை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்சை) விடுவிக்க வேண்டும், ஒரு கிளட்சை விட்டு இன்னொன்றில் ஆயில் அழுத்தத்தை ஏற்ற வேண்டும், புதிய கியருக்கு ஏற்றபடி எஞ்சின் ஆர்பிஎம் உயர வேண்டும். கிளட்ச் வழுக்கித் தேயாமல் இருக்க, மாறும் அந்தக் கணத்தில் எஞ்சினின் டார்க்கை (முறுக்கு விசையை) வேண்டுமென்றே குறைக்கவும் செய்கிறார்கள். இது போக உங்களுடையது சின்ன டர்போ, எஞ்சின் புகை தள்ளித்தான் அது சுழல வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மில் புகையோட்டம் கம்மி, டர்பைன் வேகம் பிடிக்க அதற்கும் நேரம் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் முக்கால் நொடி, ஒரு நொடி ஓடிவிடும். புதிதிலும் உங்கள் வண்டியில் இது இருந்திருக்கும்.

உதறல் இயற்கை இல்லை. "ஆட்டோமேட்டிக் என்றால் இப்படித்தான்" என்பது சோம்பேறிப் பதில்.

பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஆர்பிஎம் முள்ளை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் முள்ளைப் பார்க்காதீர்கள், சாலையைப் பாருங்கள். முள் கொஞ்ச நேரம் சும்மா இருந்து சட்டென்று தாவி, அப்புறம் சீராக ஏறினால் அது கிக்டவுன் (முழுதாக மிதித்ததும் கியர் இறங்குவது), விட்டுவிடலாம். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது, அது என்னைப் போன்றவர்கள் பார்க்க வேண்டிய வேலை. முள் ஏறும்போதே நடுங்கினாலோ ஏறி, தயங்கி, மறுபடி ஏறினாலோ எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது சில சுற்றில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை.

அடுத்த சோதனை இன்னும் தெளிவானது. காலியான ஒரு ஏற்றத்தில் மேனுவல் மோடில் மூன்றாவது கியரைப் போட்டு, 2,000 ஆர்பிஎம் வாக்கில் நன்றாக மிதியுங்கள். மிதியின் அடியில் ஒரு 'க்ளிக்' தட்டுப்பட்டால் அதற்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள், சில வண்டிகள் மேனுவலிலும் அந்தக் க்ளிக்கைத் தாண்டினால் கியரை இறக்கிவிடும். கியரே மாறாத நிலையிலும் உதறல் வருகிறதா? அப்படியானால் கியர்பாக்ஸை மறந்துவிடுங்கள்.

என் சந்தேகம் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக், அதற்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் பக்கம். பிளக்கின் இடைவெளியில் பொறி தாவ எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. பாதி மிதியில் அழுத்தம் கம்மி, தேய்ந்த பிளக்கும் சமாளித்துவிடும். டர்போ முழுக் காற்றையும் திணிக்கும்போது தேவை எகிறுகிறது. இடைவெளியும் தேய்ந்து அகன்றிருந்தால் பொறிக்கு அதைத் தாண்டுவதை விடக் காயிலின் ரப்பர் உறைக்குள் பிளக்கின் பீங்கான் மேல் ஊர்ந்து கீழே போவது சுலபமாகிவிடும். ஈரம் சேர்ந்தால் இன்னும் சுலபம். அதனால் மழை விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதை நம்புங்கள்.

விளக்கு எரியாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கை 200 சுற்று, 1,000 சுற்று என்று தொகுதியாக எண்ணி, அதில் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால்தான் விளக்கைப் போடும். முந்தும்போது மட்டும் நாலைந்து தடவை தவறினால் அந்தக் கணக்கில் எடுபடாது. ஆனால் எண்ணிக்கை உள்ளே இருக்கும். ஓபிடி சாக்கெட்டில் (சர்வீஸில் ஸ்கேனர் செருகும் இடம்) செருகும் சாதாரண புளூடூத் கருவியில் 'மோட் 6' என்று ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் கணக்கை அதில் பார்க்கலாம்.

பெட்ரோல் போதவில்லை என்றால் கதை வேறு: ஆர்பிஎம் ஏற ஏறத் திணறல் கூடும், ஒரு உதறலோடு நிற்காது, பி0087 மாதிரி கோட் வரும். டர்போ குழாய் எங்காவது கிழிந்திருந்தால் காற்று சீறும், வண்டி மொத்தமாகவே மந்தமாக இருக்கும், பி0299 வரும். உங்களுக்கு இரண்டும் பொருந்தவில்லை.

த்ராட்டில் கன்ட்ரோலர் வேண்டவே வேண்டாம். நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 50 என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிற பெட்டி அது. நீங்களோ ஏற்கெனவே 100 மிதிக்கிறீர்கள், அதற்கு மேல் என்ன பொய் சொல்லும்?

மழைக்கால டயர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டிசிடி, இரட்டை கிளட்ச். எனக்கும் இதே தாமதம், உதறல் மட்டும் இல்லை. வேகம் கூட்டிக்கொண்டே போகும்போது அம்பு மாதிரி பாய்கிறது. மெதுவாகி மறுபடி மிதித்தால்தான் முழிக்கிறது. இதுவும் பிளக்கா?

எண்ணெய்க்கை

இல்லை. டிசிடி அடுத்து எந்தக் கியர் தேவைப்படும் என்று ஊகித்து, அதை இன்னொரு தண்டில் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். வேகம் ஏறும்போது ஊகம் சரியாக இருக்கும், அதனால் பாய்கிறது. நீங்கள் மெதுவாகும்போது ஒரு கியரை எதிர்பார்த்து வைத்திருக்க, திடீரென்று மிதித்து வேறொன்றைக் கேட்டால் பழையதை விட்டுப் புதியதைப் போட வேண்டும். ஸ்போர்ட் மோடில் குறையும், ஏனென்றால் அதில் எப்போதும் கீழ்க் கியரிலேயே நிற்கிறது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போன பிறகு உதறல் வந்தால் மட்டும் தனி இழையாக எழுதுங்கள், அது கிளட்ச் சூடு.

நாலாவது கியர்

செய்து பார்த்தேன். மேனுவல் மூன்றாவது கியரிலும் உதறல் அப்படியே வந்தது. வீடியோவில் முள் நடுங்குவது தெளிவாகத் தெரிகிறது. மோட் 6-ல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் பூஜ்யம், இரண்டாவது சிலிண்டரில் மட்டும் எண்ணிக்கை. இரண்டாவதன் காயிலைக் கழற்றி மூன்றில் போட்டு மறுபடி அதே ஏற்றம். எண்ணிக்கை மூன்றுக்குப் போய்விட்டது!

பிளக்குகளையும் வெளியே எடுத்தேன். கையேட்டில் 0.75 மில்லிமீட்டர் என்று இருக்கிறது, மூன்றிலும் 1 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருக்கிறது. அந்தக் காயிலின் ரப்பர் உறைக்குள் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு, தலைமுடி விழுந்தது போல. இதுதானா அது? காயிலை மட்டும் மாற்றினால் போதுமா?

எண்ணெய்க்கை

அதேதான், பொறி ஊர்ந்து போன தடம். அதைத் துடைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள், கரிக்கோடு மறுபடி மின்சாரத்துக்கு வழி கொடுக்கும்.

காயிலை மட்டும் மாற்றினால் வண்டி சரியாகிவிடும், கொஞ்ச நாளைக்கு. அகன்ற பிளக்தான் காயிலைக் கொன்றது, புதுக் காயிலையும் அது விடாது. மூன்று பிளக்கும் புதிது போடுங்கள், பழைய பிளக் ஒன்றையும் திரும்ப மாட்டாதீர்கள். டர்போ வண்டிகளுக்குப் பிளக் மாற்றும் தூரம் கையேட்டில் பெரும்பாலும் குறைவாகவே போட்டிருக்கும், உங்களுடையதில் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள், கையேட்டில் சொன்ன டார்க்குக்கு மேல் முறுக்க வேண்டாம். பிளக் மாட்டும் எஞ்சின் தலை அலுமினியம், மரை போனால் பெரிய வேலை.

கியர்பாக்ஸ் ஆயிலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் மாற்றுவது நல்லதுதான். 'ஆயுளுக்கும் போதும்' என்று சிலர் சொல்வார்கள். கியர்பாக்ஸ் செய்கிற இசட்.எஃப் நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றுகிறவர் ஆயில் வெப்பநிலையைப் பார்த்து அளவு வைக்கிறாரா என்று மட்டும் நின்று கவனியுங்கள். குளிர்ந்த ஆயிலில் அளவு பார்த்தால் தப்பாகும்.

நாலாவது கியர்

போட்டாயிற்று. அதே ஏற்றம், அதே ஆட்கள், உதறல் சுத்தமாக இல்லை. மூன்று சிலிண்டரும் பூஜ்யம். நீங்கள் சொன்ன அந்த ஆரம்பத் தாமதம் மட்டும் இருக்கிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா அண்ணே?

எண்ணெய்க்கை

அதைக் கழற்ற முடியாது, முன்கூட்டியே செலவழித்துவிடலாம். லாரிக்குப் பின்னால் தடத்திலேயே இருக்கும்போது ஸ்டீயரிங் பேடிலை (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் தட்டு) இரண்டு தடவை தட்டிக் கியரை இறக்குங்கள், ஆர்பிஎம் 3,000 பக்கம் வரட்டும். பேடில் இல்லாத வண்டியில் ஸ்போர்ட் மோட். கியர் இறங்கி டர்போவும் விழித்த பிறகு எதிர்ப்பக்கம் காலியா என்று பார்த்து வெளியே எடுத்து மிதியுங்கள். முந்தி முடித்ததும் டி-க்குத் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் வீடு வரைக்கும் அதே கியரில் கத்திக்கொண்டே வரும்.