மறுமொழி: மீன்தொட்டி ஒயரின் தொங்கலுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வீட்டு மீன்தொட்டிக்கான மின்பாதுகாப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நம் குழுவில் பேசிவரும் ‘டிரிப் லூப்’ என்பதற்கான தமிழ்ச்சொல்லுக்கு மட்டும் அதில் இடம் காலியாக இருக்கிறது. ஃபில்டர், ஹீட்டர் போன்றவற்றின் ஒயர் நேரே சாக்கெட்டுக்குப் போகாமல், அதன் மட்டத்துக்குக் கீழே இறங்கி, பிறகு மேலேறிச் சேருமாறு விடப்படும் தொங்கலையே ‘டிரிப் லூப்’ என்கிறார்கள். தொட்டியிலிருந்து ஒயர் வழியே வழிந்துவரும் நீர் அத்தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். 230 வோல்ட் பாயும் துளைகளை எட்டாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைத்தால் தொங்கலுக்கு இடமே இராது என்பதால், அதை உயர்த்தி மாட்டச் சொல்லும் பத்தியும் இச்சொல்லை நம்பியே நிற்கிறது.

பலரும் ஆதரிக்கும் ‘சொட்டு வளையம்’ எளிய சொல்தான். ஆனால் வளையம் என்றதும் மூடிய வட்டமே மனத்தில் எழுகிறது. சென்ற மாதம் வகுப்பில் இச்சொல்லை நான் பயன்படுத்தியபோது, மாணவர் ஒருவர் ஒயரை வட்டமாகச் சுருட்டி, டேக் போட்டுக் கட்டி, சாக்கெட்டுக்கு மேலே மாட்டியிருந்தார். சொல் சொன்னதைத்தான் அவர் செய்தார். நீர் வடிந்து சாக்கெட்டுக்குள்ளேயே இறங்கும் அமைப்பாக அது முடிந்தது.

புலவர் ஐயா முன்வைத்த ‘நால்வடம்’ என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. நாலுதல் என்றால் தொங்குதல். தொங்கும் வாயை உடையதால் யானை ‘நால்வாய்’ ஆனது. அவ்வழியே தொங்கும் வடம் நால்வடம் என்பது வழுவற்ற வினைத்தொகை. தென்மாவட்டங்களில் ‘நாண்டுகொண்டான்’ (தூக்கிட்டுக்கொண்டான்) என்று இன்றும் வழங்குவது ‘நான்றுகொண்டான்’ என்பதன் திரிபாகவே எனக்குப் படுகிறது. இருந்தும், மின்பணியாளர் கையில் இச்சொல்லைக் கொடுத்தால் நான்கு கம்பிகள் கொண்ட கேபிள் என்றே கொள்வார். மின்சாரத்தில் அப்படியொரு பொருள் உண்மையிலேயே இருப்பதால் இந்த மயக்கம் ஆபத்தானது. நீர் வடியும் வளைவு என்ற பொருளில் முன்மொழியப்பட்ட ‘வடிவளைவு’ என்பதையும் பலர் வடிவம் சார்ந்த சொல்லாகப் படித்துவிடுவர்.

என் பரிந்துரை ‘சொட்டுத்தொய்வு’. கொடிக்கயிறு தொய்வதை அறியாத வீடில்லை; தொய்வு எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும். மின்கம்பி லைன் இழுப்பவர்களுக்குத் தொய்வு ஒரு குறை என்று கோவை நண்பர் கூறும் மறுப்பு நியாயமானதே. ஆயினும் இங்கே குறையை வேண்டுமென்றே விடுகிறோம் என்பதைச் ‘சொட்டு’ என்னும் முன்னொட்டுச் சொல்லிவிடுகிறது.

மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கும்போது இவ்வளவு விவாதம் தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அக்கருவி மின்கசிவு நேர்ந்தபின் இணைப்பைத் துண்டிப்பது. தொங்கல் நீரை அண்டவிடாமலே தடுப்பது. இரண்டும் வேண்டும்.

பெரும்பான்மை ‘சொட்டு வளைய’த்தின் பக்கமே இருப்பதால் கையேட்டில் அதுவே அச்சாகட்டும், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். வகுப்பில் நான் ‘சொட்டுத்தொய்வு’ என்றே சொல்லப்போகிறேன். படத்துக்கு அடியில், ‘ஒயரைச் சுருட்டக் கூடாது, அதன் மிகத் தாழ்ந்த பகுதி சாக்கெட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்’ என்ற வரியை மட்டும் எவரும் நீக்கிவிட வேண்டாம்.