குழுவாகப் பதுங்கிச் செல்வதற்கு ஒரு சொல்

அன்பர்களே,

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு ஒன்றின் விதிச்சுருக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாலைந்து பாத்திரங்கள் காவலர் கண்ணில் படாமல் சேர்ந்து நகர்வதற்கான பகடைச் சோதனைக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. பாத்திரத் தாளில் அதற்குரிய கட்டத்தில் பத்து எழுத்துதான் கொள்ளும். இப்போதைக்கு 'கூட்டுப் பதுங்கல்' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

*

> கூட்டுப் பதுங்கல்

'கூட்டு' வேண்டாம். பகடை உருளும் இடத்தில் கூட்டு என்றால் எல்லோர் எண்ணையும் கூட்டிவிடுவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் (2014) ஒவ்வொருவரும் இருபது முகப் பகடையை உருட்டி, தம் திறன் எண்ணைச் சேர்த்து, இலக்கெண்ணோடு ஒப்பிடுவார்கள். பாதிப் பேராவது அதை எட்டிவிட்டால் குழு முழுதும் தப்பிக்கும்.

ஒருவர் வெல்லும் வாய்ப்பு 70 விழுக்காடு என்று வையுங்கள். நால்வரும் வென்றே ஆகவேண்டும் என்றால் தேறுவது 24 விழுக்காடுதான். பாதி போதும் என்றால் ஏறக்குறைய 92. முழு இரும்புக் கவசம் போட்டவர் இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும், அவருடைய 70 அங்கேயே 49 ஆகிவிடும். பாதி விதி இல்லையென்றால் அவரைக் கூட்டிப்போகவே யாரும் துணியமாட்டார்கள். 'குழு' என்றே இருக்கட்டும்.

*

ஐயா, சிக்கல் முன்பாதியில் இல்லை, பின்பாதியில் இருக்கிறது. பதுங்குதல் இருந்த இடத்திலேயே ஒடுங்குவது. பதுங்குகிற புலி நடக்கிறதா என்ன? 'கரவு' என்ற அழகான சொல் இருக்கிறதே! 'காக்கை கரவா கரைந்துண்ணும்'. கரப்பான் பூச்சிக்குக்கூட அந்த வேர்தான், விளக்கைப் போட்டதும் கரந்துவிடுகிறது பாருங்கள்.

அதைவிட நல்லது தொல்காப்பியத்திலேயே கிடக்கிறது. ஆநிரை கவரப் போகும் வெட்சித் துறைகளில் ஒன்று 'புடைகெடப் போகிய செலவு'. பக்கத்தில் இருப்பவர் அறியாமல் போவது என்று உரை. போவது படை, ஆகவே குழு என்று தனியே சொல்ல வேண்டியதே இல்லை. 'புடைகெடு செலவு' என்று வைக்கலாம்.

*

அதே நூற்பா 'படையியங்கு அரவம்' (படை நகரும் ஓசை) என்றல்லவா தொடங்குகிறது? இரும்புக் கவசக்காரர் முதலில் உருட்டிவிட்டார் போலும்.

'செலவு' என்று அச்சடித்தால் பையிலிருக்கும் பொற்காசைக் கழித்துக்கொள்வார்கள். குறளில் வரும் கரவு, உள்ளதை ஒளித்து வைத்துக்கொள்வது. இன்றைய தமிழில் அதற்குப் பெயர் பதுக்கல். கரப்பானை விட்டுவிடுவோம், அது வேறு இழைக்குப் போகட்டும். வழக்குச் சொல்லே வேண்டும் என்றால் 'கமுக்கம்' இருக்கிறது. 'கமுக்கமா வா' என்றால் குழந்தைக்கும் புரியும்.

*

சொல் எதுவானாலும் அதை எங்கே போடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

திடீர்த் தாக்குதல் பகுதியில் போடாதீர்கள். அங்கே ஒவ்வொருவர் எண்ணும் ஒவ்வொரு எதிரியின் கவனிப்பு எண்ணோடு (10, அதோடு அவர் கூர்மை) தனித்தனியே மோதுகிறது. குழு என்ற சொல்லைப் பார்த்ததும் நடுவர் பாதி விதியை அங்கும் இழுத்துவிடுவார்.

கதவுக்குக் கதவு மறுபடி உருட்டச் சொல்வதும் பரவலான பிழை. மேலே சொன்ன 92 மூன்று கதவில் 77 ஆகிவிடும். நிலைமை மாறும்வரை முதல் எண்ணே நிற்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் வழியே வேறு. எல்லோரும் உருட்டுவார்கள், இருப்பதில் சிறந்ததைக் குழு எடுத்துக்கொள்ளும். 3-ஐத் தாண்டாத ஒவ்வொருவருக்காகவும் முன்னே போகிறவர் ஓர் அழுத்தப் புள்ளி ஏற்க வேண்டும். இதையும் 'குழு' என்றே அழைத்தால் இரண்டையும் ஆடுபவர்கள் குழம்புவார்கள். 'தலைவர் சுமை' என்பது போல வேறொரு பெயர் தேவை.

*

நன்றி. அது இந்தச் சுருக்கத்தில் வரவில்லை, பிறகு பார்ப்போம். தாளில் 'குழுப்பதுங்கல்' (எட்டெழுத்து), விளக்கத்தில் 'பதுங்கிச் செல்லுதல்'. இதுவரை மூவர் ஆதரவு, கமுக்கத்துக்கு ஒருவர்.

*

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். புடைகெடு செலவு ஏழெழுத்துதான், கட்டத்தில் இடம் மிஞ்சும்.